டெல்டா சாலையில் டீசல் கார்: ஒரு டேங்குக்கு ஒரு பழக்கம்

போன வருடம் என் தங்கை மகன் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினான். 1.3 லிட்டர் இன்ஜின், ஐந்து பேர் போகிற குடும்ப வண்டி. இரண்டு மாதம் கழித்து வந்து, "மாமா, லிட்டருக்கு 20 தாண்டும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. எனக்கு 15-க்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்றான். மெக்கானிக்கிடமும் காட்டிவிட்டான், வண்டியில் குறை எதுவும் இல்லை. சரி, நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்று கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் வழியாகத் திருவையாறு வரை போனோம். வழியில் நான் அதிகம் பேசவில்லை. அவன் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறான் என்று மட்டும் எண்ணிக்கொண்டே வந்தேன். 35 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 73 முறை. அவன் டீசல் போன வழி அதுதான்.

மலைப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றம் டீசலைக் குடிக்கும். நம் டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலத்து ஏற்றம், தஞ்சாவூரை விட்டு மேற்கே போனால் வல்லம் மேடு, அவ்வளவுதான். இப்படித் தட்டையாகக் கிடக்கும் நிலத்தில், ஓட ஆரம்பித்த வண்டியை ஓடவிட்டாலே டீசல் மிஞ்சும். ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை, ஆற்றங்கரை வளைவு, ரயில்வே கேட், வைக்கோல் டிராக்டர், நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கும் டவுன் பஸ் என்று ஓடும் வண்டியை மறிப்பதற்கு இங்கே ஏராளமாக இருக்கிறது. நிறுத்தி நிறுத்திக் கிளப்புவதில்தான் காசு கரைகிறது.

முதன்முதலாக டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. எல்லாப் பழக்கத்தையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். இரண்டு நாளில் வெறுத்துவிடும். ஒரு டேங்க் டீசலுக்கு ஒரு பழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எது உங்கள் வண்டிக்கு எவ்வளவு தருகிறது என்று கணக்கிலேயே தெரியும்.

முதல் டேங்க்: அளப்பது மட்டும்

பங்கில் டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள். துப்பாக்கி தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்றினால் கணக்கு தப்பும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம் போல ஓட்டுங்கள். கால் டேங்குக்கு வந்ததும் முடிந்தவரை அதே பங்கில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். 612 கிலோமீட்டர் ஓடி 33.4 லிட்டர் பிடித்தால் 18.3.

500 ரூபாய்க்கு, 1,000 ரூபாய்க்கு என்று போட்டுக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு கடைசி வரை வராது. டேஷ்போர்டில் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரு சின்ன நோட்டு வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர், அந்த டேங்க்கில் என்ன மாதிரி ஓட்டம் (ஊருக்குள்ளா, திருச்சி ரோடா, மழையா) என்று நாலு விவரம் போதும்.

இரண்டாம் டேங்க்: பிரேக்

இதுதான் முக்கியமான டேங்க். மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

பிரேக் மிதிப்பதில் டீசல் எப்படிப் போகும் என்று தோன்றலாம். ஐந்து பேரோடு சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டீசலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் சக்கரத்துக்கு வந்து சேரும். அந்தக் கணக்கில் பார்த்தால், அந்த வேகத்தைச் சேர்க்க மட்டும் ஏறத்தாழ 20 மில்லி டீசல் எரிகிறது. 80 வேகத்துக்கு 35 மில்லி. பிரேக்கை அழுத்தினால் அப்படிச் சேர்த்த வேகம் முழுவதும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றில் போய்விடும். வேகத்தடை தாண்டியதும் திரும்ப முதலிலிருந்து. ஒரு நாள் ஓட்டத்தில் 30 வேகத்தடையில் இப்படிச் செய்தால் அரை லிட்டருக்கு மேல். டீசல் விலை லிட்டருக்கு 90 ரூபாய்க்கு மேல் இருக்கும்போது, மாதக் கணக்கில் இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வேகத்தடையில் வேகம் குறைத்தே ஆக வேண்டும், அதனால் முழுவதையும் மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் அந்த வேகத்தைப் பிரேக்குக்குக் கொடுப்பதற்குப் பதில் சாலைக்குக் கொடுக்கலாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். முன்னாலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. எவ்வளவு முன்னால்? நான் கரண்ட் கம்பத்தை வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். 60-ல் போகும்போது வேகத்தடைக்கு நாலைந்து கம்பம் முன்னாலேயே கால் மேலே வந்துவிட வேண்டும். கியரை எடுக்கக் கூடாது, கிளட்ச்சை மிதிக்கக் கூடாது. வண்டி தானாக 40 பக்கம் இறங்கும். மூன்றாவது கியருக்கு வந்து, கடைசியில் லேசாகப் பிரேக் தொட்டு, இரண்டாவது கியரில் தாண்டினால் போதும். நம்மூர் வேகத்தடைகள் பலவற்றில் வெள்ளைக் கோடு அழிந்திருக்கும். ஆனால் பயணியர் நிழற்குடை, பள்ளிக்கூடம், கோயில் வளைவு, வரிசையாகப் பெட்டிக்கடை என்று எது கண்ணில் பட்டாலும் அதையொட்டி ஒரு தடை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் கியரிலேயே விடச் சொல்கிறேன் என்றால், இன்றைய டீசல் கார்களில் கியர் விழுந்திருக்கும் நிலையில் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அந்த நேரத்துக்குச் செலவு பூஜ்யம். நியூட்ரலுக்குத் தள்ளினால் என்ன ஆகும்? இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்தே தீரும். பாலத்து இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவது பழைய ஓட்டுநர்கள் பலருக்கும் கைப்பழக்கம். நியூட்ரலில் வண்டி கொஞ்சம் கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மைதான். ஆனால் வெண்ணாற்றுக் கரையிலும் குடமுருட்டிக் கரையிலும் தடுப்பு இல்லாத வளைவுகளில், எதிரே பஸ் வரும்போது, வண்டி இன்ஜினின் பிடியில் இல்லாமல் உருள்வதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

ஆற்றுப் பாலங்களும் இப்படித்தான். ஏறும்போது ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி வேகத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். 60-ல் வந்தால் உச்சிக்குப் போகும்போது 50 ஆகட்டும். உச்சிக்குச் சற்று முன்பே காலைத் தளர்த்துங்கள். இறக்கம் உங்களுக்குக் கடனைத் திருப்பிக் கொடுக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாத இடத்தில் இது பாதுகாப்பும் கூட.

முன்னால் போகும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு போனால் இதில் எதையும் செய்ய முடியாது. அவர் பிரேக் போட்டால் நீங்களும் போட வேண்டும். டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கம்பம் தூரம் விட்டுப் போனால், அது நின்று ஆள் ஏற்றிக் கிளம்பும் வரை நீங்கள் நிற்காமலே ஊர்ந்துவிடலாம். நிற்காமல் ஊர்ந்தால் முதல் கியர் தேவையில்லை. முதல் கியர்தான் டீசலை அதிகம் கேட்கும்.

பயிற்சிக்கு ஒரு வழி: வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, தினமும் போகும் ஒரே சாலையில் பிரேக்கை எண்ணச் சொல்லுங்கள். மருமகனுக்கு 73-ல் தொடங்கியது ஒரு மாதத்தில் 30 சொச்சத்துக்கு வந்தது. போய்ச் சேரும் நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான் கூடியது. மைலேஜ் 15-லிருந்து 18-ஐத் தொட்டது. அப்புறம் அவன் மனைவி சொன்னாள், பின்சீட்டில் குழந்தைக்கு வாந்தி வருவது நின்றுவிட்டது என்று. எனக்கு மைலேஜைவிட அதுதான் சந்தோஷம்.

மூன்றாம் டேங்க்: கியர்

பெட்ரோல் காரோ பைக்கோ ஓட்டிவிட்டு டீசலுக்கு வருகிறவர்கள் இன்ஜினை உறுமவிட்டுக் கியர் மாற்றுவார்கள். டீசலுக்கு அது தேவையில்லை. நம் சாலைகளில் இன்றும் நிறைய ஓடும் 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொண்டால், அதன் முழு இழுவிசையான 190 நியூட்டன் மீட்டர் 2000 ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போதே) கிடைத்துவிடும். அதே காரின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அதன் உச்ச இழுவிசைக்கு 4000 பக்கம் போக வேண்டும், அதுவும் 115-ஐத் தாண்டாது. ஆகவே டீசலில் 1800-லிருந்து 2000-க்குள் அடுத்த கியர் போட்டுவிடலாம். முதல் கியர் வண்டி அசைவதற்கு மட்டும். 25–30 வேகத்தில் இரண்டு முடிந்து மூன்று, 40 பக்கம் நான்கு, 60 தாண்டி ஐந்து. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள், காதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

காது எதற்கு? சிக்கனம் என்று நினைத்து ஐந்தாவது கியரில் 35-ல் போய்க்கொண்டு ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 1200-க்குக் கீழே, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சரியாக வேலை செய்யாது. இன்ஜின் கடகடவென்று அதிரும், திணறும். டீசல் போகும், வேகம் வராது, புகை வரும், கிளட்ச்சுக்கும் இன்ஜின் மவுண்டுக்கும் கேடு. அதிர்வு கேட்டால் ஒரு கியர் இறங்குங்கள்.

இன்னொன்று. கிளம்பும்போது முட்டையை மிதிப்பது போல ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு ஊர வேண்டியதில்லை. பாதி அளவு அழுத்தி, சுறுசுறுப்பாக மேல் கியருக்கு வந்து, வேண்டிய வேகம் வந்ததும் காலைத் தளர்த்திக்கொள்வதுதான் டீசலுக்கு ஒத்து வருகிறது.

நான்காம் டேங்க்: வேகம், நிற்கும் நேரம்

தஞ்சாவூர்–திருச்சி நாற்கரச் சாலையில் ஏறியதும் எல்லோருக்கும் கால் கனத்துவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-ல் இருப்பதைவிட 100-ல் அது 56 சதவீதம் கூடுதல். 55 கிலோமீட்டர் தூரத்துக்கு 80-ல் போனால் 41 நிமிடம், 100-ல் போனால் 33 நிமிடம். எட்டு நிமிடம்தான் லாபம், அதுவும் வாழவந்தான்கோட்டை டோலில் பத்து வண்டி நின்றால் போயே போச்சு. பிசிஆர்ஏ என்று அழைக்கப்படும் மத்திய அரசின் பெட்ரோலியச் சிக்கன அமைப்பு 45 முதல் 55 வேகம்தான் சிக்கனம் என்று பல காலமாகச் சொல்லி வருகிறது. நாற்கரச் சாலையில் 50-ல் போவது மற்றவர்களுக்கு இடைஞ்சல், நமக்கும் ஆபத்து. 70–80-ல் ஒரே சீராகப் போங்கள். இருவழிச் சாலையில் 50–60 போதும்.

நிற்கும்போது இன்ஜின் ஓடினால், சின்ன டீசல் கார் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கும். ஏசி ஓடினால் இன்னும் மேலே. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த அனுபவம் டெல்டாவில் பலருக்கும் உண்டு. கேட் மூடியிருப்பது தெரிந்தால், வேகமாகப் போய் வரிசையில் நிற்பதற்குப் பதில் தூரத்திலேயே காலை எடுத்து உருண்டு வாருங்கள். நின்றதும் அரை நிமிடம் விட்டு அணைத்துவிடுங்கள். அந்த அரை நிமிடம் டர்போவுக்காக. வேகமாக ஓடி வந்த சூட்டில் உடனே அணைத்தால் அதற்கு எண்ணெய் போவது நின்றுவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்போம் என்று தெரிந்தால் அணைப்பதில்தான் லாபம்.

காலையில் கிளப்பி ஐந்து நிமிடம் உறுமவிட்டுச் சூடேற்றுவதும் வேண்டாம். சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு அணைந்ததும் கிளப்பி, அரை நிமிடத்தில் புறப்பட்டு, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். மார்கழிப் பனிக்குக்கூட நம் ஊரில் அது போதும்.

நவக்கிரகப் பயணம் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியூர் உறவினர்கள் வந்தால் ஒரே நாளில் ஒன்பதும் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். ஞாயிறு, திங்கள் என்று கிழமை வரிசையில் போனால் சூரியனார் கோயிலுக்குக் கிழக்கே போய், திங்களூருக்கு மேற்கே திரும்பி, மறுபடி கிழக்கே என்று அலைச்சல்தான். கும்பகோணத்திலிருந்து விடிகாலையில் திங்களூர், பிறகு ஆலங்குடி, திருநாகேஸ்வரம், அடுத்தடுத்து இருக்கும் சூரியனார் கோயிலும் கஞ்சனூரும்; மாலையில் வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு என்பது வழிக்கு ஒத்த வரிசை. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்ற அவசரத்தில்தான் பலரும் வண்டியை விரட்டுகிறார்கள். மணி பதினொன்றரை ஆகி இன்னும் ஒரு கோயில் பாக்கி என்றால், அதை மாலைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போங்கள். தரிசனம் முடித்து வருகிறவர்களுக்காக முக்கால் மணி நேரம் ஏசி போட்டுக் காத்திருப்பதையும் விடுங்கள். மரத்தடியில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் காவிரிக் காற்று வரும்.

அறுவடைக் காலத்தில்

குறுவை அறுவடையிலும், தை, மாசி சம்பா அறுவடையிலும் நம் சாலைகள் வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு பாதியில் நெல் காயும். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் லாரிகள் நிற்கும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் சாலையை அடைத்துக்கொண்டு 20-ல் போகும். அப்போது மைலேஜ் ஒன்றோ இரண்டோ குறையத்தான் செய்யும். நோட்டில் எழுதிவிட்டு விடுங்கள். காயும் நெல்லின் மேல் ஏற்றாதீர்கள். அவர்களுக்குக் களம் இல்லை, வேறு இடம் இல்லை. டிராக்டருக்குப் பின்னால் தள்ளியே வாருங்கள். முந்துவது என்றால் வழி தெளிவாகத் தெரிந்த பிறகு ஒரு கியர் இறக்கி ஒரே மூச்சில் முந்துங்கள். எட்டிப் பார்த்துப் பார்த்துத் திரும்புவதில்தான் வீணாகும்.

சாலையில் கிடக்கும் வைக்கோல் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். சைலன்சர் சூட்டில் அது பற்றும் அபாயம் உண்டு. வீடு வந்ததும் குனிந்து பாருங்கள். வைக்கோல் பரப்பிய இடத்தில் சூடான வண்டியை நிறுத்தவே கூடாது.

கூடவே பார்க்க வேண்டியவை

டயர் காற்றைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. சித்திரை வெயிலில் 40 கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பார்த்தால் மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும். அதை அதிகம் என்று நினைத்து இறக்கிவிட்டால், ஆறியதும் குறைந்த காற்றில் ஓடுவீர்கள்.

ஊரிலிருந்து அரிசிச் சிப்பமும் தேங்காய் மூட்டையும் ஏற்றிப் போவதை யாரும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் டிக்கியைக் காலி செய்துவிடுங்கள். மேல் கேரியரைத் தேவையில்லாதபோது கழற்றி வையுங்கள்; வெறும் கேரியரும் காற்றை மறிக்கும்.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி அரை கிலோமீட்டர் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்துங்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியைத் திறப்பதில் மிச்சம் உண்டு. 70-க்கு மேல் மூடிக்கொண்டு ஏசியில் போவதே மேல்.

பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு

பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார் என்றால் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கும். டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை வண்டி தானே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். கும்பகோணத்துக்குள்ளேயே காய்கறிக் கடை, பள்ளிக்கூடம் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால் அந்தச் சூடு வராது. கரி அடைக்கும், மைலேஜ் சரியும், விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது 20–25 நிமிடம் வெளிச்சாலையில், 2000 ஆர்பிஎம் பக்கம் வைத்து ஓட்டிவிடுங்கள். நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருந்து, விசிறி பலமாக ஓடினால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். அப்போது அணைக்காமல் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி முடியுங்கள். அந்த நேரத்து டீசலைக் கணக்குப் பார்க்கக் கூடாது. உங்கள் ஓட்டம் முழுவதும் ஊருக்குள்தான் என்றால், அடுத்த வண்டி பெட்ரோலாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இவ்வளவும் செய்து ஏறவில்லை என்றால்

நான்கு டேங்க் கழித்தும் எண் அசையவில்லை என்றால் காலில் குறையில்லை, வண்டியில் பாருங்கள். ஏர் ஃபில்டர் முதலில். அறுவடைத் தூசியில் ஓடிய வண்டிக்கு சர்வீஸ் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அடுத்து டீசல் ஃபில்டர். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதில் நீர் சேரும். அதற்கென்று எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டிகளில் அது எரிந்தால் அன்றே வடித்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே போனால் இன்ஜெக்டர் செலவு பெரிது.

பிறகு பிரேக். சிக்கிக்கொண்ட பிரேக்கை ஓட்டும்போது உணர்வது கடினம். அதிகம் பிரேக் போடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்துங்கள். நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தட்டைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்கிடம் அந்தச் சக்கரத்தைக் காட்டிச் சரி செய்துவிட்டு, டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை மறுபடி பூஜ்யமாக்குங்கள்.